வில்லை காத்தல்

ஓர் ஆய்வகத்தில் விலைமிக்க பொருள்கள் பல இருக்கும். அவற்றுள் மிகச் சிறியதும், மிக எளிதில் கெடக்கூடியதும், கெட்டபின் பெரும்பாலும் செப்பனிட இயலாததுமான பொருள் எது என்று என்னைக் கேட்டால், நுண்ணோக்கியின் பொருளருகு வில்லையையே சொல்வேன். கல்லூரி ஒன்றின் உயிரியல் ஆய்வகத்தில் 1978 முதல் 2012 வரை, முப்பத்து நான்கு ஆண்டுகள், நான் பணியாற்றினேன். நாற்பதுக்கும் மேற்பட்ட நுண்ணோக்கிகள் என் பொறுப்பில் இருந்தன. அவற்றின் இரும்பும் பித்தளையும் தேய்ந்து நான் கண்டது அரிது. விளக்கு அணைந்தால் புது விளக்கு இட்டோம். திருகு இறுகினால் மசகு இட்டோம். பொருளருகு வில்லைகளோ, பயன்பட்டுப் பயன்பட்டுத் தேய்ந்தவை அல்ல. ஒரு நொடி அவசரத்தாலோ, பல திங்கள் புறக்கணிப்பாலோதான் அவை கெட்டன.

நுண்ணோக்கியில் பழகாதவர்களுக்காக அதன் அமைப்பைச் சிறிது கூறுதல் வேண்டும். நாம் கண்ணை வைத்துப் பார்க்கும் மேல்முனையில் இருப்பது கண்ணருகு வில்லை. கீழே, பார்க்கப்படும் பொருளை நெருங்கி நிற்பது பொருளருகு வில்லை. பொருளை ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் வைத்து, அதனை மெல்லிய மூடுகண்ணாடியால் மூடி, தகட்டை மேடைமேல் கிடத்துவோம். பொருளருகு வில்லைகள் ஒன்றல்ல. 4, 10, 40, 100 என நான்கு ஆற்றல்களில், சுழலும் வட்டு ஒன்றில் பொருத்தப்பட்டிருக்கும். வட்டைத் திருப்பினால் வேண்டிய வில்லை பொருளின்மேல் வந்து நிற்கும். வில்லை என்று ஒருமையில் சொன்னாலும், விரல் அளவான அந்தப் பித்தளைக் குப்பிக்குள் பல கண்ணாடிகள் அடுக்காக அமைந்திருக்கும். அவற்றுள் சில ஒன்றோடொன்று ஒட்டப்பட்டிருக்கும். நுனியில் வெளியே தெரியும் கண்ணாடி, 100 மடங்கு வில்லையில், மிளகினும் சிறியது.

ஆற்றல் மிகுந்தோறும் வில்லை பொருளை நெருங்கியே நிற்கவேண்டும். 4 மடங்கு வில்லைக்கும் தகட்டுக்கும் இடையே ஒரு விரலை நுழைக்கலாம். 40 மடங்கு வில்லைக்கோ, மாணவர் பயன்படுத்தும் கருவிகளில், இடைவெளி ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டர். 100 மடங்கு வில்லைக்கு அஃது ஏறத்தாழ 0.13 மில்லிமீட்டர். குறிப்பேட்டின் ஒரு தாள் 0.1 மில்லிமீட்டர் தடிப்புடையது என்று கொண்டால், அந்த இடுக்கு எத்தகையது என்பது விளங்கும். அதற்குள் இரண்டு தாள்களைச் செருக இயலாது. இத்தனை நெருக்கத்தில், ஒரு திருகின் சுற்றுக்கு ஏற்ப, கண்ணாடியும் கண்ணாடியும் ஒன்றை ஒன்று நோக்கி நகர்கின்றன.

மோதல் எவ்வாறு நேர்கிறது? மாணவன் கண்ணருகு வில்லையில் கண்ணைப் பதித்துக்கொண்டு பெருந்திருகைத் திருப்புகிறான். காட்சி தெரியவில்லை. இன்னும் திருப்புகிறான். வெண்மையாக ஏதோ தோன்றி மறைகிறது. அதனைப் பிடிக்கும் ஆவலில் இன்னும் ஒரு சுற்று. அவன் கண் குழலுக்குள் இருக்கிறது; மோதல் நிகழும் இடமோ குழலுக்கு வெளியே இருக்கிறது. மெல்லிய ஓர் ஓசை கேட்கிறது, மூடுகண்ணாடி நொறுங்கியிருக்கிறது. மாணவன் உடைந்த கண்ணாடிக்காக அஞ்சி ஆசிரியரைப் பார்க்கிறான். அதன் விலை மிகச் சிறிது. அந்த உடைசல் வில்லையின் முகத்தில் இட்ட கீறலை அவன் காண்பதில்லை. பல வேளைகளில் ஆசிரியரும் காண்பதில்லை.

எங்கள் ஆய்வகத்தில் பணியாளர் ஒருவர் இருந்தார். நான் வேலையில் சேர்ந்தபோதே அவருக்குத் தலை நரைத்திருந்தது. பள்ளிப் படிப்பை முடித்தவர் அல்லர்; ஆயினும் கருவிகளைக் கையாள்வதில் அவருக்கு நிகரானவரை நான் பிறகு கண்டதில்லை. ஆண்டின் முதல் வகுப்பில் அவர் மாணவர்களைக் கருவியின்முன் உடனே அமரவிடமாட்டார். மேடையின் மட்டத்திற்குத் தலையைத் தாழ்த்தி, பக்கத்திலிருந்து பார்க்கச் சொல்வார். “தம்பி, முதலில் வெளியே இருந்து பார். வில்லையும் தகடும் தொட்டும் தொடாமலும் நிற்கட்டும். அதற்குப் பிறகு குழலில் கண்ணை வை. இனி உன் கை ஒரு பக்கந்தான் திரும்பவேண்டும், இரண்டும் விலகுகிற பக்கம்” என்பார். மாணவியரிடமும் இதே சொற்கள்தாம். ‘தம்பி’ என்பதற்கு மாறாக ‘அம்மா’ என்பார், அவ்வளவே.

இதனினும் சிறந்த விதியை எந்தக் கையேட்டிலும் நான் படித்ததில்லை. நெருங்கும்போது கண் வெளியே இருக்கிறது, மோதலுக்கு இடமில்லை. கண் உள்ளே இருக்கும்போது வில்லை விலகிக்கொண்டிருக்கிறது. அப்போதும் மோதலுக்கு இடமில்லை. பழைய கருவிகளில் திருகினால் குழல் கீழே இறங்கும். இக்காலக் கருவிகளில் மேடை மேலே ஏறும். எனவே எந்தப் பக்கம் திருப்பினால் எது நகரும் என்பதை, தகட்டை வைப்பதற்கு முன்பே ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொள்ளுதல் நலம்.

மற்றொன்றும் உண்டு. குறைந்த ஆற்றலிலிருந்தே பார்வையைத் தொடங்குதல் வேண்டும். 4 அல்லது 10 மடங்கு வில்லையில் காட்சியைத் தெளிவாக்கிவிட்டால், வட்டைத் திருப்பியதும் அடுத்த வில்லையிலும் காட்சி ஏறக்குறையத் தெரியும். நுண்திருகைச் சிறிது அசைத்தாற் போதும். அவ்வாறே கருவிகளை அமைத்திருக்கிறார்கள். உயர்ந்த ஆற்றலில் பெருந்திருகைத் தொடவேண்டிய தேவையே எழுவதில்லை. எடுத்த எடுப்பில் 40 மடங்கு வில்லையை இறக்குபவன், கிணற்றின் ஆழம் அறியாமல் இருட்டில் குதிப்பவனை ஒத்தவன்.

ஆனால் எல்லா விதிகளையும் அறிந்த நல்ல மாணவனும் சிக்கும் இடம் ஒன்று இருக்கிறது. அது தகட்டைத் தலைகீழாக வைத்தல். 10 மடங்கு வில்லையில் பார்த்தால் காட்சி வழக்கம்போலத் தெரியும், ஐயம் தோன்றாது. 40 மடங்கு வில்லைக்கு மாறியதும் காட்சி தெளிவடைய மறுக்கும். காரணம் எளிது. தகட்டின் தடிப்பு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். வில்லையின் இடைவெளியோ 0.6 தான். தகடு முழுவதையும் துளைத்துச் சென்றாலன்றி வில்லையால் பொருளைக் காண இயலாது. மாணவன் தன் கையில்தான் பிழை என்று எண்ணி, திருகை மேலும் மேலும் முடுக்குவான். நல்ல கருவிகளில் 40, 100 மடங்கு வில்லைகளின் நுனியில் சுருள்வில் வைத்திருப்பார்கள். இலேசாக இடித்தால் நுனி உள்வாங்கும். அது பெருந்துணைதான், எனினும் அதனை நம்பி முடுக்குவது தகாது. உயர்ந்த ஆற்றலில் காட்சி தெளியவில்லை என்றால், திருகை விட்டுக் கையை எடுத்துவிட்டு, தகடு நேராக இருக்கிறதா என்று பார்த்தலே அறிவுடைமை.

இனி எண்ணெய். கண்ணாடிக் கருவிமேல் எண்ணெய் விடுவதா என்று புதியவர்கள் வியப்பார்கள். தகட்டின் கண்ணாடிக்கு ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.52, காற்றுக்கு ஏறத்தாழ 1. கண்ணாடியிலிருந்து காற்றுக்குள் புகும் ஒளி வளைந்து சிதறுவதால், வில்லைக்கு வரவேண்டிய கதிர்களில் ஒரு பகுதி பக்கவாட்டில் போய்விடுகிறது. இடையே கண்ணாடியை ஒத்த ஒரு நீர்மத்தை நிரப்பிவிட்டால் அக்கதிர்களும் நேரே வில்லைக்குள் சென்று சேரும். ஜெர்மனியின் யெனா நகரில், சைசு நிறுவனத்தில் பணியாற்றிய எர்ன்ஸ்டு அபே என்னும் அறிஞர் 1878-இல் இம்முறைக்கேற்ற வில்லையை அமைத்தார். அந்நாளில் பயன்பட்டது சீடர் மரத்து எண்ணெய். இந்நாளில் செயற்கை எண்ணெய்கள் பெருகியுள்ளன. நான்கு ஆண்டுகள் கழித்து, 1882 மார்ச்சு 24 அன்று, இராபர்ட் காக் காசநோயின் கிருமியைத் தாம் கண்டறிந்ததாகப் பெர்லினில் அறிவித்தார். அபேயின் எண்ணெய் வில்லை அவருக்குக் கைகொடுத்தது.

எண்ணெய் 100 மடங்கு வில்லைக்கு உணவு. 40 மடங்கு வில்லைக்கு நஞ்சு. ஆய்வகங்களில் நாள்தோறும் நிகழும் கேடு இதுதான். மாணவன் 100 மடங்கு வில்லையில் பார்த்து முடிக்கிறான். மீண்டும் 40 மடங்கில் ஒருமுறை பார்க்க விரும்பி வட்டைப் பின்னோக்கித் திருப்புகிறான். தகட்டின்மேல் எண்ணெய்ச் சொட்டு அப்படியே நிற்கிறது. காற்றில் இயங்குவதற்கென அமைந்த 40 மடங்கு வில்லை அந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டு போகிறது. அன்றைக்குக் காட்சி கொஞ்சம் மங்குகிறது, அவ்வளவே. எண்ணெய், சீடர் எண்ணெயாக இருந்தால், சில நாளில் பிசின்போல இறுகி நுனியில் படலமாகப் படிந்துவிடும். என் அனுபவத்தில், ‘இந்தக் கருவி பழுது’ என்று மூலையில் ஒதுக்கப்பட்ட நுண்ணோக்கிகளிற் பாதிக்கு நோய் இதுவே. எண்ணெய் இட்டபின் வட்டை ஒரு திசையில்தான் திருப்பலாம்: 100-லிருந்து, 40-ஐத் தொடாமல், 4-க்கு. அத்திசையை அம்புக்குறியாக எழுதி ஒவ்வொரு மேசையிலும் நான் ஒட்டிவைத்திருந்தேன்.

நாள் முடிவில் 100 மடங்கு வில்லையையும் துடைத்துவிடவேண்டும். துடைப்பது என்றவுடன் கைக்குட்டையும் சேலைத் தலைப்பும் வேட்டி நுனியும் முன்வந்து நிற்கின்றன! மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் பழகிய கை அது. துணி மென்மையானதுதான், துணியில் ஒட்டியிருக்கும் புழுதி மென்மையானது அன்று. தெருப்புழுதியில் மணல் கலந்திருக்கிறது. மணலின் படிகம் வில்லைக் கண்ணாடியைக் காட்டிலும் கடினமானது. அதனை வில்லையின்மேல் வைத்துத் தேய்ப்பது, உப்புத்தாளால் தேய்ப்பதற்கு ஒப்பு. ஆதலால் முதலில் இரப்பர்க் குமிழால் காற்றை ஊதித் தூசியைப் போக்கவேண்டும். பிறகு வில்லைக்கென்றே விற்கும் தாளை எண்ணெயின்மேல் மெல்ல ஒற்றி எடுக்கவேண்டும், தேய்த்தல் கூடாது. எஞ்சிய படலத்திற்கு, தாளின் ஓரத்தில் துளி அளவு துப்புரவு நீர்மத்தைத் தோய்த்து ஒரு முறை இழுத்து, உடனே உலர்ந்த தாளால் ஒற்றவேண்டும். ஒருமுறை பயன்பட்ட தாளை மறுமுறை பயன்படுத்தலாகாது.

முற்காலத்தில் இதற்குச் சைலீன் பயன்பட்டது. சிறிதளவில் அது நன்மை செய்யும். ஆனால் வில்லையை அதில் ஊறவைத்தால், உள்ளே கண்ணாடிகளைச் சேர்த்திருக்கும் ஒட்டு நெகிழ்ந்துவிடும். அதன் ஆவியும் உடலுக்குத் தீங்கு. எனவே கருவி செய்தோர் பரிந்துரைக்கும் நீர்மமே ஏற்றது. எதுவாயினும் சொட்டச் சொட்ட ஊற்றாமல் இருத்தல் முதன்மையானது. குப்பியைப் பிரித்து உள்ளே துடைக்கலாம் என்னும் ஆசை கைத்திறன் மிக்கவர்களுக்கு எழும். அதனை அடக்கிக்கொள்ள வேண்டும். உள்ளே கண்ணாடிகள் ஒன்றுக்கொன்று மிக நுட்பமாக நேர்படுத்தப்பட்டிருக்கின்றன. பிரித்தவர் மீண்டும் பூட்டலாம், அந்நேர்மையை மீட்க இயலாது.

மோதலும் எண்ணெயும் மனிதர் கையால் வருவன. யாரும் தொடாமலே வரும் கேடு பூஞ்சை. நம் நாட்டில், கடற்கரை ஊர்களில் சிறப்பாக, ஐப்பசி கார்த்திகை மழையின்போது அலமாரிக்குள் காற்று ஈரத்தால் நிறைந்திருக்கும். விடுமுறைக்காகப் பெட்டியில் இட்டுப் பூட்டிய கருவியின் வில்லையில், திறக்கும்போது சிலந்திநூல் போன்ற மெல்லிய இழைகள் பரவியிருக்கும். துடைத்தால் இழை போகும். ஆனால் அது வெளியிட்ட அமிலம் கண்ணாடியை அரித்த தடம் போகாது. பெட்டிக்குள் பாதுகாப்பாக இருக்கிறது என்று எண்ணுவது இங்கே பிழையாகிறது. ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளைப் பெட்டியில் வைக்கவேண்டும்; நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்தி மீண்டும் வைக்கவேண்டும். எங்கள் ஆய்வகத்தில் மர அலமாரி ஒன்றின் அடித்தட்டில் சிறிய மின்விளக்கைப் பொருத்தி, மழைக்காலம் முழுதும் எரியவிட்டோம். அதன் வெம்மையே ஈரத்தை விரட்டியது. மின்சாரம் வீண் என்று கணக்குப் பார்த்தவர்கள் உண்டு. ஒரு வில்லையின் விலை என்ன என்று கேட்டபின் அவர்கள் பேசவில்லை.

நம் நாட்டின் வெப்பமும் ஈரமும் நுண்ணோக்கியை எவ்வாறு வருத்தும் என்பதற்குப் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. செகந்திராபாத்தில் இரொனால்டு ராஸ் மலேரியாவை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, நெற்றியிலிருந்தும் கையிலிருந்தும் வழிந்த வியர்வையால் அவருடைய நுண்ணோக்கியின் திருகுகள் துருவேறின. எஞ்சியிருந்த ஒரே கண்ணருகு வில்லையும் விரிசல் கண்டிருந்தது. அந்நிலையிலும் 1897 ஆகஸ்டு 20 அன்று கொசுவின் இரைப்பைச் சுவரில் மலேரியாக் கிருமியின் வளர்ச்சியை அவர் கண்டார். விரிசல் விழுந்தது பொருளருகு வில்லையாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. கண்ணருகு வில்லை, கீழே உருவான பிம்பத்தைப் பெருக்கிக் காட்டுவது மட்டுமே செய்கிறது. பிம்பத்தை ஆக்குவது பொருளருகு வில்லை. கீழே இழந்த நுட்பத்தை மேலே எவ்வளவு பெருக்கினாலும் மீட்க முடியாது.

இங்கே ஒரு செய்தியைச் சற்று அழுத்திச் சொல்லவேண்டும். கண்ணருகு வில்லையில் தூசி இருந்தால் கரும்புள்ளியாகத் தெரியும்; அவ்வில்லையைச் சுழற்றினால் புள்ளியும் சுழலும்; உடனே கண்டுகொள்ளலாம். பொருளருகு வில்லையின் அழுக்கு அவ்வாறு புள்ளியாகத் தெரிவதில்லை. காட்சி முழுவதையும் அது மெல்ல மங்கச் செய்கிறது. உருவங்கள் இருக்கின்றன, நிறங்கள் இருக்கின்றன, நுண்ணியவை மட்டும் இல்லை. பார்ப்பவர் இல்லாததை எப்படி அறிவார்? கருவி முழுதும் கெட்டிருந்தால் அதனை ஒதுக்கிவைப்போம். இதுவோ அரைகுறையாகக் காட்டிக்கொண்டே இருக்கும். நாமும் நம்பிக்கொண்டே இருப்போம்.

1994-இல் என் பழைய மாணவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். சிற்றூர் மருத்துவமனை ஒன்றில் ஆய்வகப் பணியில் இருந்தவர். காசநோய் ஐயத்துடன் வருவோரின் சளியைத் தகட்டில் பூசி, சாயமேற்றி, 100 மடங்கு வில்லையில் பார்ப்பது அவர் வேலை. இப்போது மூலக்கூற்று முறையில் இந்நோயைக் கண்டறியும் கருவிகள் பல இடங்களில் வந்துவிட்டன. எனினும் நுண்ணோக்கி முறை மறைந்துவிடவில்லை. அந்நாளில் அதுவே பெருந்துணை. நீலப் பின்னணியில் கிருமிகள் செந்நிறக் கோல்களாகத் தெரியும். ஒவ்வொன்றின் நீளம் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கே. நூறு பார்வைப் புலங்களில் தேடியும் ஒன்றும் காணாவிட்டால்தான் ‘இல்லை’ என்று எழுதலாம்.

“ஐயா, ஆறு வாரங்களாக ஒரு தகட்டிலும் கோல்கள் தென்படவில்லை. எங்கள் வட்டாரத்தில் காசநோய் ஒழிந்துவிட்டதா, என் கண் கெட்டுவிட்டதா, தெரியவில்லை” என்றார். தாளில் பொதிந்து கொண்டுவந்திருந்த வில்லையை எடுத்து நீட்டினார்.

கண்ணருகு வில்லை ஒன்றைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தால் அது நல்ல உருப்பெருக்கியாகும். அதன் வழியே அவர் கொண்டுவந்த வில்லையின் நுனியைப் பார்த்தேன். பழுப்பு நிறத்தில் எண்ணெய்ப் படலம் இறுகியிருந்தது. அவருக்கு முன் அப்பணியில் இருந்தவர்கள் நாள் முடிவில் துடைக்கும் வழக்கம் இல்லாதவர்கள் போலும். அரைமணி நேரம் ஒற்றி ஒற்றி எடுத்தோம். படலம் போயிற்று, ஓரத்தில் ஒரு கீறல் மட்டும் நின்றது. அது பார்வையை மிகுதியாகக் கெடுக்கவில்லை.

அவர் ஊர் திரும்பி, மறுபார்வைக்கென எடுத்து வைத்திருந்த பழைய தகடுகளை ஒவ்வொன்றாக மீண்டும் பார்த்தார். இரண்டு தகடுகளில் செந்நிறக் கோல்கள் இருந்தன. ‘இல்லை’ என்று எழுதி அனுப்பப்பட்டவர்கள் அவ்விருவரும். இருவருக்கும் ஆள் அனுப்பினார்கள். ஒருவர் மறுவாரம் வந்து மருந்து உண்ணத் தொடங்கினார். மற்றவர் குடும்பத்தோடு செங்கற்சூளை வேலைக்குப் போய்விட்டதாகத் தெரிந்தது. எந்த ஊர்ச் சூளை என்று சொல்வார் இல்லை.

அவ்வாரமே என் மாணவர் ஒரு வழக்கத்தை மேற்கொண்டார். கோல்கள் உண்டு என்று முன்பே உறுதிப்பட்ட தகடு ஒன்றைத் தனிப்பெட்டியில் வைத்திருந்தார். நாள்தோறும் காலையில் அதனையே முதலில் மேடைமேல் வைப்பார். அதில் கோல்கள் தெளிவாகத் தெரிந்த பின்னரே, அன்று வந்தவர்களின் முதல் தகட்டைக் கையில் எடுப்பார்.